மூன்றாவது கூப்பாடு

எங்கள் சிலுவைத்துறையில் காலை ஒன்பதே காலுக்குத் தொபியாஸ் கூப்பிடுவான். அவன் செத்து இருபது வருசம் ஆகிறது, ஆனாலும் ஒரு நாள் தவறினதில்லை, மழைக்கும் நின்றதில்லை, பெரிய வெள்ளிக்கிழமையில் கோயில் மணியே வாயை மூடிக்கொண்டு கிடக்கும், அன்றைக்கும் அவன் கூப்பிடுவான். கடலுக்குள்ளிருந்து மூன்று கூப்பாடு வரும். முதலாவது சும்மா அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி, "கஸ்பாரு! ஏலே கஸ்பாரு!" இரண்டாவதில் கொஞ்சம் அவசரம் இருக்கும். மூன்றாவதில் பேர் பாதியில் உடைந்துபோகும். அப்புறம் அலைச்சத்தம்தான்.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் பயந்து சாவார்கள். எங்களுக்கு என்ன பயம், சொந்த ஊர்க்காரன் குரல்தானே. முதல் கூப்பாட்டுக்கு அரிசி களைந்து வைத்தால் சோறு பதமாக வரும் என்று நாங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம், மூன்றாவது கேட்டதும் பஸ்காரர் வண்டியை எடுத்துவிடுவார், அதற்குப் பிறகு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அடுத்த வண்டிதான், நானே எத்தனை நாள் அந்த வெயிலில் நின்று தொபியாசைத் திட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் சரியாகப் பிரசங்கத்தின் நடுவில் வரும். எந்தச் சாமியானாலும் அந்த இடத்தில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், மூன்றும் முடிந்ததும் விட்ட இடத்தைத் தேடுவார், கிடைக்காவிட்டால் பிரசங்கம் அதோடு முடிந்தது, அதற்காகவும் நாங்கள் தொபியாசை வாழ்த்தியிருக்கிறோம். மெட்ராசிலிருந்து இரண்டு பேர் மைக்கும் மிஷினும் கொண்டுவந்து மூன்று நாள் படம் காட்டினார்கள். மிஷினில் அலைதான் விழுந்திருந்தது. "காதுல விழுந்துச்சா இல்லியா?" என்று கேட்டேன். விழுந்தது என்றார்கள். பின்னே மிஷின் எதுக்கு?

நடந்தது இதுதான். தொபியாசும் கஸ்பாரும் ஒரே வருசத்தில் பிறந்து ஒரே நாளில் கோயிலில் புதுநன்மை வாங்கினவர்கள், இரண்டு பேருக்கும் தனித்தனிக் கட்டுமரம், தனித்தனியாகத்தான் போவார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில்தான் வலை போடுவார்கள். அந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை கஸ்பாரின் மரம் சாளையோடு வந்து ஒதுங்கியது, தொபியாசின் மரம் வரவில்லை. "அவன் இன்னைக்கு வேற பக்கம் போனான், நான் கண்ணாலயே பாக்கல" என்றான் கஸ்பார். ஊரே தேடியது. கட்டு அவிழ்ந்த ஒரே ஒரு தடி மட்டும் மிதந்து வந்தது. ஆள் கிடைக்கவில்லை. அவன் சட்டையையும் வேட்டியையும் பெட்டியில் வைத்துப் புதைத்தோம். அவன் பெண்சாதி ரெமிஜியாவுக்கு அப்போது எட்டு மாசம்.

எட்டாம் நாள் பூசை நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் கரைக்கு வந்து சேர்ந்தது. ஒரு மனுசன் எட்டு நாள் நடந்து வந்தால் எப்படிக் களைத்து வருவானோ அப்படி வந்தது. உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துப் பூசையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் கடலுக்கு ஓடினோம், பத்துப் பன்னிரண்டு மரம் இறங்கிப் போய்ப் பார்த்தது, ஒன்றும் இல்லை. மறுநாளும் அதே நேரம், அதே மூன்று. அதற்கும் மறுநாள் நாங்கள் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கஸ்பாரைத் திரும்பிப் பார்த்தோம். அவன் பேரைத்தானே கூப்பிடுகிறது! அன்று சாயங்காலம் அவன் கோயிலுக்குப் போய் அரை மணி நேரம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியிடம் பாவத்தைச் சொல்லி முழங்காலில் இருந்தான், வெளியே வந்து துடுப்பை எடுத்து இரண்டு கையிலும் குறுக்காகப் பிடித்துக்கொண்டு கொடிமரத்தடியில் நின்றான். எங்கள் ஊரில் தப்புச் செய்தவன் அப்படித்தான் நிற்க வேண்டும், யாரும் இழுத்துவரக் கூடாது, தானாக வர வேண்டும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கடலில் மீன் கூட்டத்தைக் கண்டவன் தனியாக அள்ளக் கூடாது, பக்கத்து மரத்துக்காரனைப் பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஆபத்தென்றாலும் அதே மாதிரிப் பேர் சொல்லி மூன்று தடவைதான். கேட்டவன் போயே ஆக வேண்டும், எதுக்கு என்று அங்கே போய்த்தான் பார்க்கணும். கஸ்பார் கொடிமரத்தடியில் சொன்னது இது: "தொபியாஸ் கூப்பிட்டான். எனக்குக் கேட்டுது. மீனுக்குக் கூப்பிடுதான்னு நெனச்சேன். என் வலையே நெறஞ்சு கெடந்துச்சு, நமக்கு எதுக்குன்னு திரும்பிட்டேன். பாக்கலன்னு சொன்னது பொய். என்னய மன்னிச்சிருங்க."

ரெமிஜியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அவன் கையிலிருந்த துடுப்பை வாங்கிக் கீழே வைத்தாள். துடுப்பை வாங்கிவிட்டால் மன்னித்தாச்சு என்று அர்த்தம், அதற்குமேல் ஊரில் ஒருத்தரும் வாய் திறக்க முடியாது. "மன்னிச்சுட்டேன் அண்ணே, போங்க" என்று வாயாலும் சொன்னாள், சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நாங்களும் அழுதோம். சரி, பாவத்தைச் சொல்லியாச்சு, சாமியும் மன்னித்தாச்சு, அவளும் மன்னித்தாச்சு, நாளையிலிருந்து கூப்பாடு நின்றுவிடும் என்று நிம்மதியாகப் படுத்தோம்.

நிற்கவில்லை. காலை ஒன்பதே காலுக்கு வந்தது.

அதற்குப் பிறகு கஸ்பார் வாழ்ந்த வாழ்க்கையைச் சொன்னால் சொல்லி முடியாது. செத்தவன் தினமும் பேர் சொல்லிக் கூப்பிடுவது ஊர் முழுக்கக் கேட்கிற வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்? கல்யாணம் இல்லை. ஊரில் அதற்குப் பின்னால் பிறந்த ஒரு பிள்ளைக்கும் கஸ்பார் என்று பேர் வைக்கவில்லை. கடலில் எங்கே எவன் சத்தம் போட்டாலும், அது சும்மா பாட்டாக இருந்தாலும், முதலில் போய் நிற்கிற மரம் அவனுடையதுதான். அவனைப் பார்த்து ஊரும் அப்படியே ஆகிவிட்டது, இந்த இருபது வருசத்தில் வேற்றூர்க்காரர் பதினோரு பேரை எங்கள் ஆட்கள் உயிரோடு கரை சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பதினோரு பேரும் சேர்ந்து வந்து நின்றாலும் ஒன்பதே காலுக்கு அந்தக் குரல் வந்துதானே தீரும்! ரெமிஜியாவின் வாசலில் தினம் நல்ல மீனாகப் பார்த்து வைத்துவிட்டுப் போவான். அவளும் மூஞ்சியைத் திருப்பாமல் எடுத்துச் சமைப்பாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் குழம்பு அவன் வீட்டுக்குப் போகும்.

இன்னொன்றும் உண்டு, அது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எவரும் பேசினதில்லை. முதல் கூப்பாட்டைக் கேட்டு மீனுக்கென்று நினைக்கலாம். இரண்டாவதையும், கொஞ்சம் மனசைக் கல்லாக்கிக்கொண்டால், அப்படி நினைக்கலாம். மூன்றாவதைக் கேட்டவன் எவனும் அப்படி நினைக்க மாட்டான். அதில் அழுகை இருக்கிறது. கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிகிறது, அதுவும் கூடவே உதட்டைப் பிதுக்குகிறது. கஸ்பார் கொடிமரத்தடியில் முக்கால் பாவத்தைத்தான் சொன்னான் என்பது எங்களுக்குத் தெரியும், தினம் காலையில் காதால் கேட்டுக்கொண்டே தெரியும். ஆனால் ரெமிஜியா துடுப்பை வாங்கிவிட்டாள், அவனும் 'மீனுக்குன்னு நெனச்சேன்' என்ற அந்த ஒரு வார்த்தையை விட்டால் விழுந்துவிடுவான் போலப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடுங்க எங்களுக்கு மனசு வரவில்லை.

போன வருசம் ஜெரோம் சாமி பங்குக்கு வந்தார். இளகின மனசு. கஸ்பாருக்குத் தலை நரைத்து முதுகு வளைந்திருப்பதைப் பார்த்தார், பொறுக்கவில்லை. ஆயரிடம் கடுதாசி வாங்கினார். "மாதா திருவிழாவுக்கு மறுநாள் நம்ம எல்லாரும் கடலுக்கு மாதா சுரூபம் கொண்டுபோய், அந்த இடத்துலேயே பூசை வெச்சு, அந்த ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி கேப்போம். பத்தொன்பது வருசம் போதும்" என்று கோயிலில் அறிவித்தார். கஸ்பார் பீடத்துக்கு முன்னால் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டான். நாங்களும் நல்லதுதான் என்றோம். அரிசி களைய வேறு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் மத்தியானம் ரெமிஜியாவின் மகள் ஜெனோவா கஸ்பாரின் குடிசைக்கு வந்தாள். அப்பன் செத்த நாற்பதாம் நாள் பிறந்தவள், நர்சு படிப்பு படிக்கிறாள், வாயாடி. அவன் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தான், நான் அவனுக்கு வலை பின்னுகிற தங்கூசி நரம்பு கொடுக்கப் போனவள் அங்கே நின்றுவிட்டேன். அதனால் இதை யாரும் சொல்லிக் கேட்டுச் சொல்லவில்லை.

"எங்கப்பா வாய மூடப் போறீங்களாமே மாமா?" என்றாள்.

"அப்படிச் சொல்லாத மக்ளே. அவன் நிம்மதியா இருக்கட்டும்னுதான..."

"அவருக்கா, உங்களுக்கா?" அவளே தொடர்ந்தாள். "எனக்கு அவரு மூஞ்சி தெரியாது. இருந்த ஒரு கல்யாணப் போட்டோவும் ஓதம் அடிச்சு அழிஞ்சு போச்சு. எனக்கு அப்பான்னா ஒம்பதே காலுதான். பரிச்சைக்குப் போவும்போது அவருட்ட சொல்லிட்டுத்தான் போவேன். ஆஸ்டல்ல இருக்கும்போது அந்த நேரத்துக்குச் சன்னல் பக்கம் போய் நின்னுக்கிடுவேன். ஊருக்கு வந்து கேட்டாத்தான் சோறு எறங்கும். நீங்க எல்லாரும் சேந்து அத நிறுத்தப் போறீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கஸ்பார் கையிலிருந்த வலை அப்படியே கிடந்தது. பத்தொன்பது வருசமாக எது ஒழிய வேண்டும் என்று முழங்கால் தேய வேண்டினானோ, அது ஒரு பிள்ளைக்கு அப்பனாக இருந்திருக்கிறது. அவனுக்கு மட்டுமா, எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. சீ, என்ன சனங்க நாங்கள்!

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள். இப்போது குரல் சின்னதாகிவிட்டது. "மூணாவது கூப்பாட்டுல அவரு அழுதாரு. எனக்குத் தினமும் கேக்கு. அன்னைக்கு உங்களுக்குக் கேக்கலியா மாமா?"

நான் அந்த இடத்தைவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கஸ்பார் வலையை ஓரமாக ஒதுக்கி வைத்தான்.

"கேட்டுச்சு மக்ளே" என்றான். "மூணும் கேட்டுச்சு. பாத்துக்கிட்டும் இருந்தேன். மரம் அவுந்துட்டுன்னு தெரிஞ்சுது. போனா வலைய அறுத்து விடணும், அம்புட்டு மீனும் போயிரும், ரெண்டு மாசத்துக்கு அப்புறம் கெடச்ச மீனு... அவன் நல்லா நீஞ்சுவான், தப்பிச்சிருவான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சொல்லிக்கிட்டு மரத்தத் திருப்பிட்டேன்."

ஜெனோவா அவனை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் ரெமிஜியா வீட்டு வாசலில் வைத்த மீன் எடுக்காமல் கிடந்து பூனைக்குப் போனது.

கஸ்பார் திரும்பவும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். உள்ளே பேசினதை ஜெரோம் சாமி சொல்ல மாட்டார், கஸ்பாரே பின்னால் எங்களிடம் சொன்னான். எல்லாவற்றையும், வலை, மீன், அழுகை, எல்லாவற்றையும் கொட்டி முடித்த பிறகு சாமி பாவமன்னிப்புக் கொடுத்தாராம். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் மன்னித்தாராம். "அப்போ இனிமேலாவது சத்தம் நிக்குமா சாமி?" என்று இவன் கேட்டிருக்கிறான்.

"தெரியல கஸ்பார்" என்றாராம் சாமி. "தாவீது ராஜா பாவம் செஞ்சுட்டுத் தரையில கெடந்து அழுதாரு. ஆண்டவர் மன்னிச்சாரு. ஆனா அவரு பிள்ளை பிழைக்கலியே. மன்னிப்பு வேற, நடந்தது வேற. ஆண்டவர் உன்னை விட்டுப் போகலன்னு சொல்றதுதான் மன்னிப்பு. நடக்கவே இல்லன்னு ஆக்குறது இல்ல."

மறுநாள் காலை கூப்பாடு வந்தது. மூன்றும் வந்தது. கஸ்பார் அன்றைக்கு அழுத அழுகையைக் கடற்கரையே கேட்டது.

திருவிழா முடிந்தது, கடல் பூசை நாள் வந்தது. எட்டரை மணிக்கே மாதா சுரூபத்தைப் பூ ஜோடித்துப் பெரிய வள்ளத்தில் ஏற்றியாச்சு, சாமி பூசைக்கு வெள்ளைக் காப்பா அங்கி போட்டு நிற்கிறார், வாலிபர் சங்கம் செண்டை மேளம் ஏற்பாடு செய்திருக்கிறது (எதுக்கும் செண்டை மேளம்தான் இவன்களுக்கு), ஊரே கரையில். கஸ்பார் வரவில்லை. எங்கே என்று தேடினால், கொடிமரத்தடியிலிருந்து துடுப்பைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறான். மணலில் கால் புதையப் புதைய வந்து வள்ளத்துக்கு முன்னால் நின்றான்.

"வேண்டாம் சாமி. நிறுத்த வேண்டாம்" என்றான். "அது என்னய மட்டும் கூப்பிடுத சத்தம்னு நெனச்சு வேண்டுனேன். அந்தப் பிள்ளைக்கும் அது வேணும். நான் கேட்டுக்கிடுதேன், சாவுத மட்டும் கேட்டுக்கிடுதேன்." அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினான். "ஊராரே, இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு நான் முழுசாச் சொல்லல. மூணாவது கூப்பாடு..."

"தெரியும்லே!" என்றார் ஊர்த் தலைவர் அமலோற்பவம், கட்டைக் குரலில். "பத்தொன்பது வருசமா நாங்க என்ன செவிடா? தெரியும். நீ சொல்லுவன்னு இருந்தோம்."

கஸ்பார் எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது, பாவம், இத்தனை வருசமும் எங்களுக்கு முன்னால் ஒளிந்து ஒளிந்து நடந்திருக்கிறான். சாமி காப்பாவைக் கழற்றி மடித்து வள்ளத்தில் வைத்தார். துடுப்பை யார் வாங்குவது? ரெமிஜியா ஏற்கெனவே ஒரு தடவை வாங்கினவள். அவள் அசையாமல் மகளைப் பார்த்தாள்.

ஜெனோவா கூட்டத்திலிருந்து வந்தாள். துடுப்பை வாங்கவில்லை. அவன் எதிரே நின்று கேட்டாள்:

"நீங்கதான் அவரக் கடைசியாப் பாத்தது?"

"ஆமா மக்ளே."

"பாக்கலன்னு சொன்னதாலதான் எங்களுக்கு இத்தன வருசம் ஒண்ணுமே தெரியாமப் போச்சு. அப்போ சொல்லுங்க. எப்படி இருந்தாரு, என்ன செஞ்சாரு, எல்லாத்தையும் சொல்லுங்க."

அப்போது ஒன்பதே கால். கடலிலிருந்து முதல் கூப்பாடு வந்தது. "கஸ்பாரு! ஏலே கஸ்பாரு!"

"இப்போ நிக்கான்" என்றான் கஸ்பார், கடலைப் பார்த்தபடியே. "மரத்து மேல நிக்கான். நீலக் கட்டம் போட்ட துண்டு, அதத் தலைக்கு மேல சுத்துதான். நான் அவனுக்கு வெளிய, ஆழத்துல கெடக்கேன். கால அகட்டி வெச்சிருக்கான். ரெண்டு தடிக்கு நடுவுல தண்ணி தெரியுது."

இரண்டாவது வந்தது.

"இப்போ விழுந்துட்டான். நெஞ்சு மட்டும் தண்ணி. ஒரு தடிய அணைச்சுப் புடிச்சிருக்கான். துண்டு போயிட்டு. தடியில ஏறப் பாக்கான், வழுக்குது, திரும்ப ஏறுதான். ஏறிட்டான். என்னயப் பாக்கான். நான் மரத்தத் திருப்புதேன்."

மூன்றாவது வந்தது. அது வந்து உடைந்து, கரையில் நின்றது.

"இதுக்கு அப்புறம் அவன் கூப்பிடல" என்றான் கஸ்பார். கண்ணீர் தாடியில் வழிந்தது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் துடுப்பு. "ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். என்னயப் பாக்குறத விட்டுட்டுக் கரையப் பாத்துத் திரும்பி உக்காந்துட்டான். அங்கயிருந்து கோயில் கோபுரம் தெரியும். உங்க வீட்டு அடுப்புப் பொகை தெரியும். உங்கம்மையப் பாத்துக்கிட்டு இருந்தான். நீ வயித்துல கெடந்த."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அமைதியாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம், சிரித்தான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரியாது மக்ளே" என்றான். "முதுகுதான் தெரிஞ்சுது. இனி பொய் சொல்ல மாட்டேன்."

ஜெனோவா இன்னும் ஒரு அடி கிட்டே வந்தாள். பிறகு, "முதுகு எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"வலது தோளு கொஞ்சம் எறங்கியிருக்கும் அவனுக்கு. உக்காந்தா நல்லாவே தெரியும். உனக்கும் அப்படித்தான இருக்கு."

எங்களுக்கு அது தெரியாது. ரெமிஜியாகூட மறந்துபோயிருந்தாள், இப்போது வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். ஜெனோவா தன் வலது தோளைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள். வெறும் குரலாக இருந்த அப்பனுக்கு அன்றைக்குத்தான் அவளுக்குள் உடம்பு வந்தது, கடலில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு உடம்பு. அவள் உடைந்து அழுதாள், பிறந்ததிலிருந்து அழ வேண்டியதை எல்லாம் சேர்த்து அழுதாள், அழுதுகொண்டே கையை நீட்டித் துடுப்பை வாங்கினாள்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன் மாமா" என்றாள்.

"இருக்கணும் மக்ளே."

"நாளைக்கும் சொல்லணும். இதே நேரத்துக்கு. துண்டு எப்படிச் சுத்துனாரு, கால எப்படி வெச்சிருந்தாரு, எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லணும்."

கஸ்பார் ஈரமான கண்ணால் கடலைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான்.

"வாறேன் மக்ளே" என்றான்.